ஊசி மட்டும் போதாது

மீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், கட்லா, ரோகு கெண்டை மீன்கள் குளத்தில் சினை பிடித்தாலும் முட்டையிடாது என்று சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு வழி கண்ட மீன் விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரி, அலிக்குஞ்ஞி பெயர்களை ஏன் விட்டீர்கள்? 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில், மீன் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார்கள். தேசிய மீன் விவசாயிகள் தினம் அந்தத் தேதியில்தான் வருகிறது.

அப்புறம், ‘ஊசி போட்டால் முட்டை’ என்ற வரி கொஞ்சம் அவசரம். பெண் மீனின் வயிறு உப்பி, தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். ஆணின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரக்கும், வயிற்றை லேசாக அழுத்தினால் பால் போல விந்து வரும். பதமாகாத மீனுக்கு ஊசி போட்டால் மருந்துக் காசுதான் வீண். எங்கள் குளத்தில் ஒரு வருடம் அப்படித்தான் ஆனது.