மூன்றாவது ஃபார்வர்டில்தான் விஷம்

காசா போரைக் காட்டி வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் யூத வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது சரி. எப்படிப் பரப்புகிறார்கள் என்பதுதான் அதில் விடுபட்டுவிட்டது. முதல் ஃபார்வர்டு பெரும்பாலும் உண்மையான போர்ப் படம்தான். அடுத்ததில் 'இஸ்ரேல் அரசு' சத்தமில்லாமல் 'யூதர்கள்' ஆகிவிடும். மூன்றாவதில், உலகையே ரகசியமாக ஆள்கிறார்கள் என்ற பழைய கதை. அதற்கு ஆதாரமாக நீட்டும் 'சீயோன் மூப்பர் நெறிமுறைகள்', யூதத் தலைவர்களின் ரகசியத் திட்டம் என்ற பெயரில் 1903இல் ரஷ்யாவில் அச்சான போலி ஆவணம். ஒரு பிரெஞ்சு நையாண்டி நூலிலிருந்து திருடியது என்று 1921லேயே லண்டன் டைம்ஸ் அம்பலப்படுத்தியது.

நெதன்யாகுவைத் திட்டுங்கள், அது அரசியல். சென்னை பவளக்காரத் தெருவில் அந்தக் காலத்தில் பவளம் விற்ற யூத வியாபாரிகளின் வம்சத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி என்றால் குறைந்தது ஐந்து கை மாறியது. அது இல்லாவிட்டாலும் நம்பாதீர்கள், டவுன்லோடு செய்து புதிதாக ஏற்றினால் குறி போய்விடும். வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட்டை கூகுள் லென்ஸில் போடுங்கள். பல சமயம் பழைய சிரியா காட்சிதான் வரும்.