அந்தப் படம் 1518 இல்லை

இன்றைய பிரான்ஸில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1518-ல் பரவிய 'நடனக் கொள்ளைநோய்' (மக்கள் நிறுத்த முடியாமல் ஆடிக்கொண்டே இருந்தது) பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் கட்டுரைக்கு மேலே போட்டிருக்கும் செதுக்கோவியம் அந்தச் சம்பவத்தைக் காட்டுவது இல்லை. அது ஹென்ட்ரிக் ஹோண்டியஸ் 1642-ல் செதுக்கியது. மூலம், பீட்டர் புரூகல் 1564-ல் வரைந்த ஒரு கோட்டோவியம். அதன் குறிப்பிலேயே விவரம் இருக்கிறது: பிரஸ்ஸல்ஸுக்கு வெளியே மோலன்பெக்கில், புனித யோவான் திருநாளன்று வரும் யாத்ரீகர்கள் இவர்கள். ஒரு பாலத்தை ஆடியபடியே கடந்துவிட்டால் அவர்களைப் பிடித்திருக்கும் நோய் ஒரு வருடத்துக்கு அண்டாதாம். வலிப்பு நோயைத்தான் சொல்கிறார்கள் என்பது பலருடைய கணிப்பு.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் ஆண்கள், ஆளுக்கொரு கையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார்கள். பெண்கள் உடலை முறுக்கித் திமிறுகிறார்கள். ஜோடி சேர்ந்து ஆடுகிறவர்கள் இப்படியா பிடிப்பார்கள்? கீழே விழாமல் தாங்கி, கோயிலுக்கு நடத்திக்கொண்டு போகிற பிடி இது. பக்கத்தில் பைக்குழல் வாசிப்பவர்கள் வேறு இருப்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ திருவிழாக் கூத்து என்றுதான் தோன்றும்.

ஊர் வேறு, மூல ஓவியமே 46 வருடம் பிந்தியது. இருந்தும் 1518 என்றாலே எல்லோரும் இதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள், என்ன செய்ய! படத்தை எடுக்க வேண்டாம், கீழே 'மோலன்பெக் யாத்திரை, புரூகல் வரைந்ததைப் பின்பற்றி ஹோண்டியஸ், 1642' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.