செட்டியார் எப்டி ஜெயிச்சாகன்னு கேக்குறது பாதிக் கேள்விதான்

கானாடுகாத்தான் பெரிய வீட்டு போட்டோவப் போட்டு "சிக்கனமும் ஒத்துமையும் இருந்தா நீங்களும் இப்டி ஆகலாம்"னு வாரத்துக்கு ஒரு பதிவு வந்துருது, லைக் வேற குவியுது. சரி, சிக்கனமா இருந்தும் நொடிச்சுப் போனவுக வீட்டு போட்டோ எங்க? அதே தெருவுல கதவு பூட்டி, செவுத்துல அரசஞ்செடி மொளச்சு, தேக்குத் தூணு வரைக்கும் வித்துட்டு நிக்கிற வீடு இருக்கே, அவுகளும் நகரத்தார் குலப்பிரிவான அந்த ஒம்பது கோயில்ல ஒண்ணுதான், வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா, அதாவது தொழில் பழகுற பையனா உக்காந்து வட்டிக்கணக்கு பழகி, கடைய நடத்துற மேலாளா ஆனவுகதான்.

ஜெயிச்சவுகள மட்டும் வரிசையா நிப்பாட்டி பொதுவா என்ன இருக்குன்னு தேடுனா எதையாச்சும் கண்டுபுடிச்சுரலாம். பார்பரா கெடஸ்னு ஒரு அரசியல் அறிவியல் ஆய்வாளர் 1990லயே இதத்தான் எழுதுனாக, விடையப் பாத்து கேஸ் பொறுக்காதீகன்னு. இன்னமும் தீசிஸ் எல்லாம் அப்டித்தான் வருது.

உண்மையில ஒப்பீட்டு ஆய்வுக்கு நம்ம ஊரு மாதிரி வாய்க்காது. ஒரே சமூகம், வட்டிக்குக் கடன் குடுக்குற ஒரே தொழில், ஒரே கணக்குமுறை, பர்மாவுலயும் வெள்ளக்காரன், மலாயாவுலயும் வெள்ளக்காரன். கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டத்துல 1930ல செட்டியார் கைல இருந்த நெலம் 6 சதவீதம், நெல்லு வெல சரிஞ்சு கடன் திரும்பாம அடமானமெல்லாம் முங்கி 1937ல அது 25 சதவீதம். ஆசப்பட்டு வாங்குன நெலம் இல்ல, ஆனா நெலத்த இழந்த பர்மாக்காரனுக்கு அதப் பத்தி என்ன? 1942ல ஜப்பான்காரன் வந்தான், 1948ல நெலத்த தேசியமயமாக்க சட்டம் வந்துச்சு, முடிஞ்சுது. மலாயாவுல அப்டி அடியோட போகல. அங்க 1913லயே மலாய்க்காரங்களுக்குன்னு நெலம் ஒதுக்கி சட்டம் போட்டு, 1933ல அத இன்னும் இறுக்கி, அந்த நெலத்த வெளியாளுகிட்ட அடமானம்கூட வைக்க முடியாதுன்னு ஆக்கிட்டாக. நம்மாளுகளுக்கு அப்ப அது எரிச்சலாத்தான் இருந்திருக்கும், ஆனா நெலம் பூரா கைல வந்து சேந்து ஊர்ப்பகைய சம்பாதிக்காம அதுவே காப்பாத்திருச்சோன்னு எனக்குத் தோணுது.

தோணுதுன்னுதான் சொல்றேன். மலாயாவுல ரப்பர், பர்மாவுல நெல்லு, மலாயாவுல சீனர் மூலதனம் ஏராளம், பர்மா 1937 வரைக்கும் இந்தியாவோட ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, ஆக கேஸு ரெண்டு, வித்தியாசம் பத்து. 1971ல லைப்ஹார்ட்னு இன்னொரு அரசியல் அறிவியல் ஆய்வாளர் பொலம்புனது இதத்தான். மத்ததெல்லாம் ஒண்ணா இருந்து ஒண்ணு மட்டும் வேறன்னா அதுதான் காரணம்னு பாக்குற வேற்றுமை முறைய 1843ல எழுதிவச்ச தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லே சமூக விஷயத்துக்கு இது ஒத்துவராதுன்னு அதே புத்தகத்துல சொல்லிட்டாரு, அந்தப் பக்கத்த மட்டும் யாரும் பொரட்டுறதில்ல.

வித்தியாசத்தக் கொறைக்க ஒரு வழி இருக்கு. ரங்கூன்லயும் பினாங்குலயும் கட வச்சிருந்த ஒரே வீட்டோட ஐந்தொகை, அதாவது வரவு-செலவு, சொத்து-கடன் கணக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும், மொதலாளி ஒருத்தர்தான், நாடு மட்டும் வேற. அதுக்குள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய இரும்புப் பெட்டிய ஆசையா வாங்கிட்டு உள்ள இருக்குற கணக்குப் பேரேட்ட எடைக்குப் போடுறவுக, தயவுசெஞ்சு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, எடைக்காச நானே தந்துர்றேன்.