அசைன்மென்ட் செய்ய மறுத்தால் வேலை மேல் பேஷன் (passion) இல்லையாம்!

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட்டாவது வந்து சேர்ந்திருக்கும். யூசர் ரிசர்ச் வேலைக்கு, அதாவது பயன்படுத்துபவர்களிடம் பேசி அவர்கள் சிக்கலைப் புரிந்துகொள்ளும் வேலைக்கு, நேர்காணலுக்கு வந்த பெண், திறமையைப் பார்க்கச் சம்பளமில்லாமல் கொடுக்கும் அசைன்மென்ட்டைச் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாராம். "நல்லவேளை, இப்பவே தெரிஞ்சிடுச்சு. பேஷன் இல்லாதவங்க எங்களுக்கு வேண்டாம்" என்று மேனேஜர் சார் லிங்க்ட்இன்னில் பெருமூச்சு விட்டிருக்கிறார். கீழே கைதட்டல் வேறு.

நானும் யூசர் ரிசர்ச் ஆள்தான். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். டிசைனருக்கு அசைன்மென்ட் கொடுத்தால் அவர் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து வரைவார். அதுவும் இலவச உழைப்புதான், ஆனால் போவது அவருடைய நேரம். என்னிடம் "அஞ்சு பேர்கிட்ட பேசிட்டு திங்கட்கிழமை பிரசன்டேஷன் கொண்டு வாங்க" என்றால், சம்பந்தமே இல்லாத ஐந்து மனிதர்களின் நேரத்தை நான் ஓசியில் வாங்கி உங்களிடம் கொடுக்க வேண்டும். இதைச் செய்வதற்குப் பெயர் பேஷனா?

எனக்கு வந்தது ஆட்டோ ஓட்டுநர்களைப் பற்றிய அசைன்மென்ட். பணம் அனுப்பும் செயலி ஒன்றுக்காக. கம்பெனி பெயர் வேண்டாம். சனிக்கிழமை காலை வடபழனியில் ஒரு ஸ்டாண்டில் போய் நின்றேன். ஒரு அண்ணன்தான் முகம் கொடுத்துப் பேசினார். சவாரிக் காசு ஜிபேயில் வந்தால் மகன் கணக்குக்குப் போகிறது, ஏனென்றால் வீட்டில் ஸ்மார்ட்போன் அவனிடம்தான் இருக்கிறது. பணம் வந்ததா என்று அவனுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் பயணியை விடுவார். அவன் வகுப்பில் இருந்தால் எடுக்க மாட்டான். நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, சாயங்காலம் பங்க்கில் கேஸ் போட நிற்கும்போது கையில் காசு இருக்காது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு சவாரி வந்தது. "இந்தப் பொண்ணு ஏதோ கேக்குது, நீ போ" என்று அடுத்த வண்டியை அனுப்பிவிட்டார். கடைசியில் கேட்டார்: "இதுல எங்களுக்கு என்னம்மா?"

வேலையில் இருந்தபோது இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எதற்காகக் கேட்கிறோம் என்று விளக்கி, சம்மதக் கையெழுத்து வாங்கி, பேசியதற்குக் கம்பெனிக் காசு கொடுத்துவிட்டு வருவோம். இங்கே என்ன சொல்வது? "எனக்கு வேலை கிடைக்குமான்னு பாக்கறேன்ணா" என்றேன். "சரி, கெடைக்கட்டும்" என்றார். பையில் இருந்ததை எடுத்து நீட்டினால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பிரசன்டேஷன் கொடுத்தேன். "வெரி இன்சைட்ஃபுல்" என்றார்கள். அந்த மகன் கணக்கு ஸ்லைடை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா என்றார்கள். அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்லை. மெயிலுக்கும் இல்லை, போனுக்கும் இல்லை. திருடிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"டெவலப்பர்களும் டெஸ்ட் எழுதுறாங்களே?" எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கணக்குக்கு விடை கம்பெனியிடம் முன்பே இருக்கிறது. எனக்குக் கொடுத்ததற்கு விடை இல்லை. இல்லாததால்தான் என்னை அனுப்பினார்கள்.

"அஞ்சு பேர்தானே?" இந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்றாவது தெரியுமா? இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய கட்டுரையால் பரவியது. ஒரு தளத்தைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொன்னால், ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. திரையில் எந்தப் பட்டன் புரியவில்லை என்று பார்ப்பதற்கான கணக்கு அது. ஒரு குடும்பத்தில் காசு யார் கையில் இருக்கிறது என்று புரிந்துகொள்வதற்கு இல்லை. இதை வேலைக்கு ஆள் எடுக்கும் பேனலில் சொன்னால் "ஓவர்திங்க் பண்றீங்க" என்பார்கள்.

"அப்ப வேலை தெரியுமான்னு எப்படித்தான் பாக்குறது?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். பழைய வேலையைக் காட்ட முடியாது, ரகசியம் காப்போம் என்ற என்.டி.ஏ. (NDA) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். காட்டினால் ரகசியம் காக்கத் தெரியாதவள், காட்டாவிட்டால் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) வீக். சரி, உங்களிடம் பயனர்களிடம் பேசிய பழைய நேர்காணல் பதிவுகள் கிடக்குமே? பெயர், ஊரை நீக்கிவிட்டு ஒன்றைக் கொடுங்கள், உங்கள் முன்னாலேயே உட்கார்ந்து அலசிக் காட்டுகிறேன். பேனலில் ஒருவரைப் பயனராக உட்கார வையுங்கள், நான் கேள்வி கேட்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்தவளா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த நாட்டில்தான் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. எதற்கென்று சொல்லிச் சம்மதம் வாங்கு என்கிறது அது. அந்த அண்ணன் வீட்டுக் கதை இப்போது யாருடைய டிரைவில், எந்தச் சம்மதத்தில் கிடக்கிறது?

"ஸ்டார்ட்அப்ல காசு எங்கங்க இருக்கு?" ஆபீஸுக்கு பீன் பேக் இருக்கை வாங்க மட்டும் இருந்தது. அடுத்தது.

"பிடிக்கலைன்னா போகாதீங்க." இதைச் சொல்பவர்கள் எல்லாம் வேலையில் இருப்பவர்கள். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேர், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர் என்று வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியதிலிருந்து, ரிசர்ச் ஆட்கள் எப்படி அலைகிறோம் என்று எங்களைக் கேளுங்கள். இ.எம்.ஐ. ஓடும்போது மறுக்க முடியாது என்று தெரிந்துதானே கேட்கிறீர்கள்?

இன்னொரு இடத்தில் "கம்யூனிகேஷன் இன்னும் ஷார்ப்பா இருக்கணும்" என்று அனுப்பிவிட்டார்கள். வேலை என்ன தெரியுமா? திண்டிவனம், விழுப்புரம் பக்கம் மளிகைக் கடைக்காரர்களிடம் பேசுவது. பேனலில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் "ஸ்டேக்ஹோல்டர் அலைன்மென்ட்" (சம்பந்தப்பட்டவர்களை ஒரே கருத்துக்குக் கொண்டுவருவது) பற்றிக் கேட்டபோது நான் இரண்டு இடத்தில் திக்கினேன், உண்மைதான். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஸ்டேக்ஹோல்டர் பற்றியா கேட்கப் போகிறார்? பேசவே தெரியாதவள் என்று என்னைச் சொல்லிவிட்டார்கள். ஆள் பேசுவதைக் கேட்பதற்குத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்!

கமெண்டில் "பேஷன் இருந்தா காசு பாக்க மாட்டாங்க" என்று எழுத வருபவர்கள் தாராளமாக வாருங்கள். உங்கள் கம்பெனி அசைன்மென்ட் செய்பவருக்கு எவ்வளவு கொடுக்கிறது, அவர் பேசப் போகும் ஆட்களுக்கு எவ்வளவு கொடுக்கிறது, இரண்டையும் முதல் வரியில் போட்டுவிட்டு மீதியை எழுதுங்கள்.