சுவருக்குப் பின்னால் இருந்து கேட்டவர்

ஜெர்மன் டிஜே பால் வான் டைக் பேச்சை எடுத்தாலே, "பொத்தானை அழுத்துகிற ஆளுக்கு எதற்கு இவ்வளவு பில்டப்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ட்ரான்ஸ் என்கிற மின்னணு நடன இசையே கதியென்று கிடப்பவர்களும், "2005, 2006 இரண்டு வருஷமும் டிஜே மேக் பத்திரிகையின் டிஜேக்கள் பட்டியலில் முதலிடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்போதுதான் கடுப்பாகிறது. பட்டியல் கிடக்கட்டும்.

என்னைக் கேட்டால் அவர் கதை ரேடியோவில் ஆரம்பிக்கிறது. இயற்பெயர் மத்தியாஸ் பால். 1971-இல் கிழக்கு ஜெர்மனியில் பிறந்து, கிழக்கு பெர்லினில் அம்மாவிடம் வளர்ந்தவர். ஆசைப்பட்ட மேற்கத்திய இசைத்தட்டைக் கடையில் போய் வாங்க முடியாத ஊர். நடுவே பெர்லின் சுவர் எழுப்பி ஆளை நிறுத்தலாம், ரேடியோ அலையை என்ன செய்வது? மேற்கு பெர்லின் நிலையங்களை ரகசியமாகக் கேட்டுக் கேட்டே பையனின் காது தயாரானது. அந்தப் பாட்டுக்கு எங்கே, யார் ஆடுகிறார்கள் என்று பார்க்க வழியில்லை. கையில் இருந்தது சத்தம் மட்டும். அவருடைய மெட்டுகளில் இருக்கும் அந்த ஏக்கம் அங்கிருந்து வந்தது என்பதுதான் என் கட்சி.

1989-இல் அம்மாவும் மகனும் அனுமதி வாங்கி ஹாம்பர்க் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சுவர் விழுந்துவிட்டது! அப்புறம் பெர்லினுக்கே திரும்பினார், தச்சு வேலை பழகினார், 1991-இல் ட்ரெசோர் கிளப்பில் முதல் முறையாக இசைத்தட்டு சுழற்றினார். ட்ரெசோர் என்றால் பெட்டகம். அப்போது அது பழைய பெரிய கடை ஒன்றின் பாதாள அறையில் இருந்தது. கம்பிக் கதவு, சுவர் நெடுக துருப்பிடித்த லாக்கர்கள், நடுவில் ஆட்டம்.

'ஃபார் அன் ஏஞ்சல்' 1994-இல் அவருடைய முதல் ஆல்பத்தில் வந்தது. ஆனால் ஊர் உலகம் அறிந்தது 1998-இல் அவரே மாற்றிச் செய்த வடிவத்தைத்தான். ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தாளம் நடுவில் விலகி, மெட்டு மட்டும் தனியாக நிற்கும். காலுக்கு வேலையில்லை, காதுக்கு மட்டும்தான். தாளம் எப்போது திரும்பும் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறேன். (தன் இசையை ட்ரான்ஸ் என்று முத்திரை குத்துவது அவருக்குப் பிடிக்காது. சரி, வேறு என்ன பெயர் சொல்வதாம்?)

பிற்கால ஆல்பங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 2012-இல் வந்த 'எவல்யூஷன்' பாதியிலேயே அலுத்துவிட்டது. மேடையில் மட்டும் அவர் வேறு ஆள். லேப்டாப்பும் கீபோர்டும் வைத்துக்கொண்டு, ஓடுகிற பாட்டின் மேலேயே புதிதாக வாசிப்பார். பொத்தான் கட்சிக்காரர்கள் அதை ஒருமுறை பார்க்கலாம்.

2016 பிப்ரவரியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், நிகழ்ச்சியின் நடுவே மேடையிலிருந்து கீழே விழுந்தார். முதுகெலும்பிலும் மூளையிலும் பலத்த அடி. நடக்கவும் பேசவும் மறுபடி பழக வேண்டியிருந்தது. அதே கோடையில் மேடைக்கு வந்துவிட்டார். மறு வருஷம் 'ஃப்ரம் தென் ஆன்' என்ற ஆல்பம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த பாட்டுகள் குறைவு. ஆனாலும் ஒன்றைக்கூடத் தாண்டாமல் கடைசிவரை கேட்டேன்.