ரோலண்ட் கீற்றணி என்கிறோம், ஷ்னைடரை விட்டுவிட்டோம்

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் கீற்றணி சோதனையை மறந்திருக்க மாட்டீர்கள். கீற்றணி என்பது நெருக்கமாகக் கோடுகள் கிழித்த தகடு; ஒளியை நிறமாலையாக, அதாவது தனித்தனி நிறங்களாகப் பிரித்துக் காட்டும். ஸ்பெக்ட்ராமீட்டர், பாதரச விளக்கு, நடுவே ‘அங்குலத்துக்கு 15,000 கோடுகள்’ என்று எழுதிய சின்னக் கண்ணாடி. அந்தக் காலத்தில் இந்தக் கோடுகளை எப்படிக் கிழித்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதே பெரும்பாடு!

1880களில் உலகத்தின் சிறந்த கீற்றணிகள் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வந்தன. பேராசிரியர் ஹென்றி ரோலண்ட் பெயர் எல்லோருக்கும் தெரியும். எந்திரத்தைச் செய்து, அதை ஓட்டிக் கோடு கிழித்தவர் பல்கலைக்கழகப் பட்டறையின் மெக்கானிக் தியோடர் ஷ்னைடர். இவர் பெயரை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

கதையே ஒரு திருகில்தான் இருக்கிறது. வைர முனை ஒரு கோடு கிழித்ததும் உலோகத் தகடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நகர வேண்டும். நகர்த்துவது திருகு. அதன் மரையில் சுற்றுக்குச் சுற்று துளி பிசகு வந்தாலும் நிறமாலையில் இல்லாத கோடுகள் முளைக்கும். விஞ்ஞானிகள் அவற்றுக்கு வைத்த பெயரே ‘பேய்கள்’!

லேத்தில் எவ்வளவு கவனமாக மரை வெட்டினாலும் இந்தத் துல்லியம் வராது. ரோலண்ட் எழுதிவைத்த வழி இது: திருகில் நீளமான நட்டைப் பூட்டி, எமரித் தூளும் எண்ணெயும் விட்டு முன்னும் பின்னும் ஓட்டித் தேய்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நட்டைத் திருப்பிப் போட வேண்டும். இப்படி இரண்டு வாரம். சூடு ஏறினால் இரும்பு விரியும், அவ்வளவுதான், உழைப்பு போச்சு. முறையைக் காகிதத்தில் எழுதிவிடலாம். எப்போது தேய்ப்பை நிறுத்துவது என்பது எழுத்தில் அடங்குமா? லேத் பட்டறைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

அப்புறம் வைர முனை. சரியாகக் கீறும் ஒன்று கிடைக்க ஒரு வருடம்கூட ஆகலாம். எல்லாம் அமைந்தபின் ஒரு பெரிய கீற்றணிக்கு நிலவறையில் எந்திரம் இரவும் பகலுமாக நாள்கணக்கில் ஓட வேண்டும்.

இந்தக் கீற்றணிகள் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் போயின. 1896இல் ஹாலந்தில் பீட்டர் சீமன், காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் அகலமாவதைப் பார்த்தது ரோலண்ட் கீற்றணி ஒன்றில்தான். 1902இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

ரோலண்ட் 1901இல் இறந்தபோது அவர் அஸ்தியை அந்த எந்திரம் இருந்த நிலவறைச் சுவரில் வைத்தார்கள். நியாயமான மரியாதை. அவர் அறிவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் யோசனை ஒருவருடையது, கைவேலை இன்னொருவருடையது என்று கோடு போட்டுப் பிரிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. திருகு தேறாவிட்டால் அந்த யோசனை வெறும் காகிதம்.

நம் ஊரிலும் இதே கதைதான். கல்லூரிப் பட்டறையில் காலமெல்லாம் டர்னராக இருந்தவர் ஓய்வுபெற்றால் ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. அவர் செய்து கொடுத்த கருவியில் ஆய்வு செய்தவர்கள் டாக்டர் பட்டம் வாங்கியிருப்பார்கள். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் கடவுளுக்கும் மாமனாருக்கும் இடம் இருக்கும், டர்னருக்கு இருக்காது. கருவியைச் செய்தவர் பெயர் ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர்கள் வரிசையிலேயே வர வேண்டும் என்பது என் கட்சி. பேராசிரிய நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.