இரண்டும் நம்ம டீம்தான், என்ன செய்ய?

நான் படித்தது அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், சாப்பல் ஹில் ஊரில்; மகள் படித்தது டியூக் பல்கலைக்கழகத்தில். நடுவே 16 கிலோமீட்டர்தான்; கூடைப்பந்துப் பகைக்கோ அளவே இல்லை. மற்ற நாளெல்லாம் இரண்டு டீமும் ஜெயிக்கட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே கான்ஃபரன்ஸ், அதாவது ஒரே லீக்; சீசனுக்கு இரண்டு முறையாவது மோதியே தீருவார்கள். அப்போதெல்லாம் மத்தளம்தான், இரண்டு பக்கமும் இடி.

2022 ஃபைனல் ஃபோரை, அதாவது தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியைக் கேட்கவே வேண்டாம். டியூக்கின் பயிற்சியாளர் 'கோச் கே'-வுக்கு அதுதான் கடைசி ஆட்டம். கடைசி அரை நிமிடத்தில் எங்கள் டீமின் கேலப் லவ் மூன்று புள்ளி போட்டதும் கை தன்னால் தட்டிவிட்டது. மகள் முறைத்த முறைப்பு இருக்கிறதே! 81-77. ஜெயித்தும் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை.

"பொதுவா நீலச் சட்டை போட்டுக்கோங்களேன்" என்கிறாள் மனைவி. எங்கள் வெளிர்நீலமா, டியூக்கின் கருநீலமா? சண்டையே அதில்தானே அம்மா!